காகிதத்துக்குக் கழிவு கிடையாது, பேராண்டி

வாங்கய்யா, வாங்க. பெங்களூருல கம்ப்யூட்டர் தட்டித் தட்டி அலுத்துப்போயி, அடுத்த வாரம் கூட்டாளிகளோட கோவாவுக்குக் கிளம்புதீகளாமே? உங்க ஆத்தா சொன்னா. புள்ள கடல் பாக்கப் போறான்னு அவ நெனைச்சுக்கிட்டு இருக்கா. நானும் அப்படித்தான் நெனைச்சிருப்பேன், நேத்து ராத்திரி மொட்டை மாடியில நின்னு "எத்தனை ஸ்டாம்பு மச்சான் கிடைக்கும்"னு நீ போன்ல கேட்டது என் காதுல விழாம இருந்திருந்தா. தாத்தாவுக்குக் காது மந்தம்னு நீங்களா முடிவு கட்டிக்கிட்டா நான் என்ன செய்ய? வேண்டியது கேக்காது, வேண்டாதது கணீர்னு கேக்கும்.

ஸ்டாம்பு சேக்குறது நல்ல பழக்கந்தான். உங்க பெரியப்பன்கூட மலேயா ஸ்டாம்பு ஒரு நோட்டு நிறைய வச்சிருந்தான். அவன் ஒட்டுறதுக்காக நக்குனான். நீங்க நக்குறதுக்காகவே வாங்குதீக. காலம் முன்னேறிப் போச்சு.

முழிக்காத. வைய மாட்டேன். உங்க ஆத்தாகிட்டயும் சொல்ல மாட்டேன், சொன்னா அவ அழுதுக்கிட்டே என்னையத்தான் வைவா. நான் கமிஷன் மண்டியில தராசு பிடிச்சவன். எனக்கு நல்லது கெட்டது சொல்லத் தெரியாது, எடை சொல்லத் தெரியும். உன்னோட அந்த ஸ்டாம்பு இருக்கே, எல்.எஸ்.டி. ஊறுன காகிதத் துண்டு, அதோட கதை பூரா எடைக் கணக்குத்தான். பெரிய பெரிய படிப்பாளி எல்லாம் தப்புத் தப்பாப் போட்ட எடைக் கணக்கு. எட்டாங் கிளாஸ் படிச்ச கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கியா? உங்க பாட்டி போனதுக்கப்புறம் லைப்ரரியத் தவிர எனக்குப் பேச்சுத் துணை ஏது?

மொதல்ல கம்பங்காட்டுக்கு வா. கதிர் பூவெடுக்கிற சமயத்துல வானம் மூடிக்கிட்டு நசநசன்னு தூறல் பிடிச்சுதுன்னா, கதிர்லருந்து இளஞ்சிவப்பாப் பிசுபிசுன்னு வடியும். ஈயும் எறும்பும் மொய்க்கும். தேன் ஒழுகல் நோய்ம்பாக. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா மணி இருக்க வேண்டிய இடத்துல கருப்பா, நீட்டமா, கெட்டியா ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்கும். அது மணியில்ல, பூசணம். விதைக்குக் கம்பு எடுக்கையில 10 லிட்டர் தண்ணிக்கு 1 கிலோ உப்பைக் கரைச்சு அதுல கொட்டுவோம். பூசணம் பிடிச்சதெல்லாம் மேல மிதக்கும். அள்ளி எறிஞ்சிட்டு, நல்ல தண்ணியில அலசிக் காயப்போடுவோம். இதைச் செய்யாம அரைச்சுத் தின்னா வாந்தி, கிறுகிறுப்பு, தூக்கிக் கிடத்துற மயக்கம். 1975-ல ராஜஸ்தான்ல கம்பு தின்ன ஜனங்க இப்படித்தான் படுத்தாக.

ஐரோப்பாவுல கம்புக்குப் பதிலா ரை. அதுல பிடிக்கிற பூசணம் நம்ம ஊரு பூசணத்துக்குப் பங்காளி, ஆனா படு முரடன். எர்காட்னு பேரு. அந்த ரொட்டியத் தின்னவுகளுக்குக் கை கால் எரிஞ்சு, கருத்து, கழண்டே விழுந்திருக்கு. அந்தோணியார் நெருப்புன்னு சொல்லி அழுதிருக்காக. அதே பூசணத்தைத் துளியூண்டு கொடுத்துப் பிரசவம் பாத்த மருத்துவச்சியும் அங்கதான் இருந்திருக்கா. கொல்றதும் அதுதான், பிள்ளையப் பெத்து எடுக்கிறதும் அதுதான், வித்தியாசம் அளவுல. பிரசவம் ஆன பின்னால ரத்தம் நிக்காமப் போனா ஆஸ்பத்திரியில போடுற மெத்தர்ஜின் ஊசி அந்த வம்சந்தான். அதைச் செஞ்ச மனுஷன்தான் உன்னோட ஸ்டாம்புச் சரக்கையும் செஞ்சாரு. ஆல்பர்ட் ஹாஃப்மன். சுவிட்சர்லாந்து, பாசல் நகரம், சாண்டோஸ் மருந்துக் கம்பெனி.

அவரு ஒண்ணும் போதைக்காக அலைஞ்சவரு இல்ல. ரத்த ஓட்டத்தையும் மூச்சையும் தூண்டிவிட ஏதாவது மருந்து கிடைக்குமான்னு எர்காட் சத்தை வச்சு ஒவ்வொண்ணாச் செஞ்சு பாத்தாரு. 1938-ல செஞ்சது வரிசையில 25-ஆவது. சோதிச்ச மிருகங்க கொஞ்சம் பரபரத்துச்சு, வேற பிரயோசனம் இல்லைன்னு ஓரங்கட்டிட்டாக. அஞ்சு வருஷம் தூங்குன சரக்கை 1943 ஏப்ரல்ல மறுபடி செஞ்சாரு. விரல் வழியா ஏறுச்சோ என்னவோ, தலை சுத்தி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டாரு. கண்ணை மூடுனா கலர் கலராப் படம். அட, இம்மியளவு பட்டதுக்கே இப்படியான்னு, மூணு நாள் கழிச்சு, ஏப்ரல் 19-ஆம் தேதி, வேணும்னே அளந்து சாப்பிட்டாரு.

அந்த அளவைக் கேளு. 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம். ஒரு பொன்னி அரிசிய அம்பது கூறாப் போட்டு அதுல ஒண்ணை எடுத்தா எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. மனுஷன் ரொம்ப ஜாக்கிரதையா, இதுக்கும் கீழ போனா ஒண்ணுமே தெரியாதுன்னு நெனைச்சுத்தான் எடுத்தாரு. பின்னால பாத்தா அதுல பாதியே ஒரு ஆளுக்கு மிச்சம்னு தெரிஞ்சுது. எங்க மண்டித் தராசு வேண்டாம், பத்தருகிட்ட இருக்கிற குன்றிமணித் தராசுல வச்சாலும் முள்ளு அசையாது. ஆளு அசைஞ்சிட்டாரு.

முக்கா மணி நேரத்துல பேச்சுக் குழற ஆரம்பிச்சிருச்சு. உதவியாளரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு சைக்கிள்ல கிளம்புனாரு. உலக யுத்த சமயம், கார் கிடைக்காது. மிதிமிதின்னு மிதிக்காரு, இருந்த இடத்துலயே நிக்கிறதாத் தோணுது. கூட வந்தவரு பின்னால சொன்னாரு, நாம படுவேகமால்லா வந்தோம்னு. வீட்டுக்குள்ள போனா நாற்காலி மேசையெல்லாம் உசுரு வந்து முறைக்குது. விஷமுறிவுக்குப் பால் வேணும்னு கேக்க, பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்து கொடுத்திருக்காக. இவரு கண்ணுக்கு அந்த அம்மா முகமூடி போட்ட சூனியக்காரி! சூனியக்காரி கொடுத்த பாலை அன்னைக்கு ராத்திரிக்குள்ள ரெண்டு லிட்டருக்கு மேல குடிச்சுத் தீத்திருக்காரு. எனக்குக் கோட்டி பிடிச்சிருச்சு, நான் சாகப்போறேன், பொண்டாட்டி புள்ளைக ஊர்ல இல்லாத நேரத்துல இப்படி ஆகிப்போச்சேன்னு ஒரே அரற்றல். டாக்டர் வந்து பாத்தா நாடி சரி, ரத்த அழுத்தம் சரி, கண்ணு பாப்பா மட்டும் விரிஞ்சு கிடக்கு.

விடிஞ்சதும் தெளிஞ்சிட்டாரு. தோட்டம் அழகாத் தெரிஞ்சுது, காலைச் சாப்பாடு ருசிச்சுதுன்னு எழுதியிருக்காரு. நீ இந்தக் கடைசி வரிய மட்டும் படிச்சிருப்ப, எனக்குத் தெரியும். இப்பம் வருஷா வருஷம் ஏப்ரல் 19-ஐ சைக்கிள் தினம்னு கொண்டாடுதாகளாம். பால் கொடுத்த அம்மாவுக்கு ஒரு தினமும் காணோம்.

இதுல ஒண்ணைக் கவனி. செஞ்சது யாரு? அவரே. சரக்கு சுத்தமானதா? நூத்துக்கு நூறு. அளந்தது? நல்ல தராசு. துணைக்கு ஒரு ஆளு, பாலுக்குப் பக்கத்து வீடு, கூப்பிட்ட குரலுக்கு டாக்டர். இத்தனை இருந்தும் அந்த ஆளு அன்னைக்கு நடுங்கிப் போனாரு. உனக்கு என்னடே இருக்கு? 'மச்சான்' இருக்கான்.

கம்பெனிக்காரன் 1947-ல அதுக்கு டெலிசிட்னு பேரு வச்சு மனநல டாக்டர்மாருக்கு அனுப்புனான். கூட வந்த சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? நோயாளியோட உலகம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க டாக்டரே இதை எடுத்துப் பாக்கலாம்னு. பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கிறவரு மொதல்ல அரை நாள் பைத்தியமா இருந்து பாக்கணுமாம். குடிகாரங்களைத் திருத்தப் பாத்தாக, மனசுல முடிச்சு விழுந்தவுகளுக்குக் கொடுத்தாக. சில பேருக்குக் கேட்டுச்சுன்னும் எழுதி வச்சிருக்காக. இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இப்பமும் அமெரிக்காவுல பதட்ட நோய்க்கு மருந்தா இதை ஆராய்ச்சி பண்ணுதாக. அங்கயும் பாரு, எடை போட்ட மாத்திரை, நாள் பூரா பக்கத்துல ஆளு.

அதுக்குள்ள மூக்கை நீட்டுனவன்தான் சி.ஐ.ஏ. இந்தக் கதைய ஜான் மார்க்ஸ்னு ஒருத்தரு அவங்க காகிதத்தையே தோண்டி எடுத்து எழுதியிருக்காரு. தராசுக்காரனான எனக்கு விலா நோவச் சிரிக்க வச்ச சங்கதி இது. 1953-ல சாண்டோஸ்காரன்கிட்ட 10 கிலோ எல்.எஸ்.டி. இருக்கு, ரஷ்யாக்காரன் முந்துறதுக்குள்ள வாங்கிப்போடணும்னு தாக்கல் வந்திருக்கு. 2,40,000 டாலருக்குக் கணக்குப் போட்டு ரெண்டு ஆளை அனுப்புனாக. 10 கிலோன்னா 10 கோடிப் பேரைக் கிறங்கடிக்கலாம். போய்க் கேட்டா கம்பெனிக்காரன் முழிக்கான். ஐயா, நாங்க இதுவரைக்கும் செஞ்சதே மொத்தம் 40 கிராம்தான்னு சொல்லுதான். விசாரிச்சா, தாக்கல் அனுப்புன ராணுவ அதிகாரிக்கு மில்லிகிராமுக்கும் கிலோவுக்கும் வித்தியாசம் தெரியல! பத்து லட்சம் மடங்கு தப்பு. எங்க மண்டியில அஞ்சு கிலோ தப்புனதுக்கே முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டாரு.

சிரிப்பு இதோட சரி. அதே வருஷம் நவம்பர்ல, மேரிலாந்துல ஒரு ஏரிக்கரை பங்களாவுல, சி.ஐ.ஏ.காரங்க தங்க கூட வேலை பாத்தவங்க குடிச்ச மதுவுலயே சொல்லாமக் கொள்ளாமக் கலந்து கொடுத்துட்டாக. அதுல ஒருத்தரு ஃபிராங்க் ஓல்சன், ராணுவ ஆராய்ச்சிக்காரரு. அதுக்கப்புறம் அவரு மனசு நிலைகொள்ளல. ஒரு வாரம் பத்து நாளைக்குள்ள நியூயார்க் ஓட்டல் மாடி ஜன்னல்லருந்து விழுந்து செத்தாரு. குடும்பத்துக்குக் காரணம் தெரியவே 1975 ஆயிருச்சு. ஜனாதிபதி ஃபோர்டு வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு. விழுந்தாரா, குதிச்சாரா, தள்ளுனாகளான்னு மகன்மாரு அதுக்குப் பிறகும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக.

சரி, யானைக் கதைக்கு வாரேன். நீ சின்னப் பிள்ளையில சோறு உண்ணணும்னா யானைக் கதை கேட்ட பயதான.

1962 ஆகஸ்ட் 3. ஓக்லஹோமா நகரத்து மிருகக்காட்சிசாலை. டஸ்கோன்னு 14 வயசுக் கொம்பன். ஆண் யானைக்கு மதம் பிடிக்கும்லா? அதைச் செயற்கையா வரவழைக்க முடியுமான்னு பாக்க ஜோலியன் வெஸ்ட்னு ஒரு மனநல டாக்டரும் அவரு கூட்டாளிகளும் கிளம்புனாக. நம்ம ஊர்ல மதம் பிடிக்காம இருக்கணுமேன்னு பாகன் கோயில்ல விளக்குப் போடுவான். அங்க ஊசி போட்டு வரவழைக்கப் பாத்திருக்காக. படிச்சவன் படிச்சவன்தான்.

யானைக்கு எவ்வளவு கொடுக்கிறது? பூனைக்கும் குரங்குக்கும் கொடுத்த அளவைப் பாத்து, யானையோட எடையால பெருக்கிட்டாக. 297 மில்லிகிராம். மனுஷன் எடுக்கிற அளவுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு. துப்பாக்கி ஊசியில பின்பக்கம் அடிச்சாக. கொஞ்ச நேரம் கத்திக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்த யானை, அஞ்சு நிமிஷத்துல சாஞ்சிருச்சு. கை கால் வெட்டி வெட்டி இழுக்குது, நாக்கு நீலம் பாரிக்குது. பதறிப்போயி அமைதிக்கு ஒரு மருந்து, தூக்கத்துக்கு இன்னொரு மருந்துன்னு ஏத்துனாக. 1 மணி 40 நிமிஷத்துல உசுரு போயிருச்சு. எல்.எஸ்.டி. கொன்னுதா, பின்னால ஏத்துன மருந்து கொன்னுதான்னு பெரிய சண்டை. ரொம்ப வருஷம் கழிச்சு இன்னொருத்தரு ரெண்டு யானைக்குத் தண்ணியில கலந்து கொடுத்தாரு, அதுக பிழைச்சுக்கிட்டுச்சு. யானையோட எடை என்னவோ சரியாத்தான் போட்டிருந்தாக. பெருக்கினதுதான் கோளாறு. உடம்பு பெருத்த அளவுக்கு மருந்து பெருக்கக் கூடாதுன்னு ஒரு பாகனைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பான்.

அமெரிக்கா எளவட்டங்க கதைய உனக்கு நான் சொல்ல வேண்டாம், டீ-சட்டையிலேயே போட்டுக்கிட்டுத் திரியுத. ஹார்வர்டுல வாத்தியாரா இருந்த டிமதி லியரியும் ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் 1963-ல வேலையிழந்தாக. அந்த ஆல்பர்ட் 1967-ல நம்ம நாட்டுக்கு வந்து, இமயமலைப் பக்கம் நீம் கரோலி பாபாகிட்டச் சேந்து, ராம் தாஸ்னு பேரை மாத்திக்கிட்டாரு. தான் கொண்டுவந்த எல்.எஸ்.டி. மாத்திரைய பாபா வாங்கி முழுங்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தாரு, ஒண்ணுமே ஆகலைன்னு அவரே எழுதியிருக்காரு. இருக்கலாம். ஆனா நீ பாபா இல்ல. உனக்கு ரெண்டு இஞ்சி மொரப்பா கூடத் தின்னாலே வயித்தால போகும்.

அதே 1967, சான் ஃபிரான்சிஸ்கோ. கோல்டன் கேட் பூங்காவுல எஸ்.டி.பி.ன்னு புது மாத்திரைய வாரி இறைச்சாக. எல்.எஸ்.டி. இல்ல, வேற ரசாயனம். ஷுல்கின்னு ஒரு ரசாயனப் புலி 1963-ல செஞ்ச டி.ஓ.எம். 5 மில்லிகிராமே தாராளமாப் போதும், மாத்திரையில இருந்தது 20. அதுலயும் ஒரு குசும்பு, அது மெதுவாத்தான் ஏறும். முழுங்கிட்டு ஒரு மணி நேரம் பாத்தானுக, ஒண்ணையும் காணோம், ஏமாத்திட்டான்னு இன்னொண்ணை முழுங்கினானுக. ரெண்டும் சேந்து ஏறுனதும் ஒரு நாளைக்கு மேல இறங்கல. ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம். இந்த "இன்னும் ஏறலியே" இருக்கு பாத்தியா, அது கோவாவுலயும் அதே பேச்சுத்தான்.

இப்பம் உன் மனசுல ஓடுறதை நான் சொல்லுதேன். எல்.எஸ்.டி.யால செத்தவன் யாரு தாத்தா, கஞ்சி குடிக்கிற மாதிரி சாராயம் குடிச்சுத்தான் சாவுதான்னு கேக்கப்போற. நியாயம். சரக்கு உண்மையானதா இருந்தா உடம்பைக் கொல்றது அபூர்வந்தான். 1970-கள்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல 8 பேரு கொகெய்ன்னு நெனைச்சு எல்.எஸ்.டி. தூளையே மூக்குல உறிஞ்சி, சில பேரு நினைவில்லாமக்கூடக் கிடந்து, ஆஸ்பத்திரியில அத்தனை பேரும் பிழைச்சாக. அதை ஒளிச்சுவச்சு உன்னைப் பயங்காட்டுறது எனக்குப் பிடிக்காது.

ஆனா அந்த ஸ்டாம்புல இருக்கிறது எல்.எஸ்.டி.தானா? 2003-ல பெர்லின்ல ஒரு ஆராய்ச்சிக்காக செஞ்ச என்-பாம் வகைச் சரக்கு ஒண்ணு இருக்கு. மூளையில எந்தக் கதவு எதுக்குத் திறக்குதுன்னு பாக்கச் செஞ்சது. 2010-க்கு அப்புறம் அதையே காகிதத்துல ஊறவச்சு எல்.எஸ்.டி.ன்னு சொல்லி விக்க ஆரம்பிச்சானுக. அதே அளவுத் துண்டு, அதே பிள்ளையார் படம். அதை எடுத்தவனுக்கு வலிப்பு வரும், காய்ச்சல் கொதிக்கும், தசை உருகி மூத்திரக்காய் அடைக்கும். பல நாட்டுல எளவட்டங்க செத்திருக்கு. ஐ.நா. 2015-ல தடைப் பட்டியல்ல சேத்துச்சு. வித்தவனுக்கும் தெரியாது, வாங்குனவனுக்கும் தெரியாது. பூசணம் பிடிச்ச கம்பாவது உப்புத் தண்ணியில மிதக்கும், இந்தக் காகிதத்தை எந்தத் தண்ணியில போட்டுக் கண்டுபிடிப்ப?

அசல் சரக்கே கிடைச்சாலும், ஏறுனா 8 மணி நேரம், 12 மணி நேரம். நடுவுல இறங்கணும்னா பஸ்ஸு நிக்காது. மாடியில இருக்கிறவனுக்குத் தரையில இருக்கிறதாத் தோணும். சில பேருக்கு மாசக்கணக்கா, வருஷக்கணக்காக்கூட, பாக்கிற பொருளுக்குப் பின்னால வால் இழுக்கும், சுவத்துல புள்ளி நெளியும். மனச்சிதைவு உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அது தூங்குற பாம்பை மிதிச்ச கதை. உங்க சின்னத் தாத்தா கிணத்து மேட்டுல உக்காந்து யாருகிட்டயோ பேசிக்கிட்டே இருந்தாரே, ஏன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா? உன் கூட்டாளியில எவனாவது லித்தியம் மாத்திரை போடுறவனா இருந்தா, அவனுக்கு இது வலிப்பைக் கொண்டாந்து விடலாம். போறதுக்கு முன்னால விசாரிச்சுக்க.

கடைசியா நம்ம ஊரு தராசு. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை வச்சிருக்காக. கஞ்சான்னா 20 கிலோவுக்கு மேல போனாத்தான் வியாபார அளவு. எல்.எஸ்.டி.க்கு எவ்வளவு தெரியுமா? 0.1 கிராம். அதைத் தாண்டுனா குறைஞ்சது 10 வருஷம் கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம், ஜாமீன் லேசுல கிடைக்காது. துண்டுக்கு அரிசியளவு மருந்துகூட இல்லையே, நான் எங்க 0.1 கிராமைத் தாண்டப்போறேன்னு கணக்குப் போடாத. எங்க மண்டியில மூட்டையத் தராசுல ஏத்துனா சாக்குக்குன்னு ஒரு எடை கழிப்போம். அதுதான் தொழில் தர்மம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-ல என்ன சொல்லிருச்சுன்னா, காகிதமும் சரக்கோட ஒட்டுனதுதான், ரெண்டையும் சேத்தே எடை போடுங்கன்னு. அமெரிக்காவுல உச்ச நீதிமன்றம் 1991-லேயே அப்படித்தான் சொல்லிருச்சு. அந்த வழக்குல மருந்து 50 மில்லிகிராம், காகிதத்தோட 5.7 கிராம். ஆக, உள்ள இருக்கிற மருந்து இம்மியளவா இருந்தாலும் சரி, நீ உள்ள போறது காகிதத்தோட எடைக்கு. கூட்டாளிக எல்லாருக்கும் சேத்து நீதான் பையில வச்சுக்கிட்டுப் போறியாமே? நல்ல மனசு. உங்க பெரியப்பன் மலேயா ஸ்டாம்பைக்கூட ஒருத்தனுக்கும் காட்ட மாட்டான்.

போ, போயிட்டு வா. மீன் தின்னு, கடல்ல கால் நனை. கூட வந்த எவனாவது ஸ்டாம்பை நக்கிட்டு, சுவரு நெளியுதுன்னு அலறுனா, அவனைப் பிடிச்சுக் கட்டாத, நாலு பேரு கூடி நின்னு சிரிக்காத, வீடியோ எடுக்காத. வெளிச்சம் கம்மியா, சத்தமில்லாத அறையா ஒண்ணுல உக்காரவச்சு, பக்கத்துலயே இரு. மாடிக்கும் கடலுக்கும் விடாத. உடம்பு கொதிச்சாலோ, இழுத்தாலோ, ஆளு எழும்பலைன்னாலோ, யோசிக்காம 108-க்கு அடி. டாக்டர் "என்னப்பா சாப்பிட்டான்"னு கேட்டா உள்ளதைச் சொல்லு. போலீசு வந்துருமோன்னு பயந்துக்கிட்டு "மீன் கொழம்பு சார், சேரல"ன்னு மட்டும் சொல்லிராத. அந்த மீனவன் என்ன பாவம் பண்ணுனான்?